ஏஎன்எம்னா சொட்டு மருந்து ஊத்துற வேலைதானா?

கேள்வி, 3 ஜூன் 2023

அக்கா, தங்கச்சி பிளஸ் டூ முடிச்சுட்டா, காமர்ஸ் குரூப். நாங்க கேரளாவுல வண்டிப்பெரியாறு பக்கம் தேயிலை எஸ்டேட் லயத்துல, தொழிலாளர் வரிசை வீட்டுல இருக்கோம். பிஎஸ்சி நர்சிங் சேக்க வசதி இல்ல, ஏஎன்எம் (ஆக்சிலரி நர்ஸ் மிட்வைஃப், துணைச் செவிலியர்) படிப்புல சேக்கலாம்னு அம்மாவுக்கு ஆசை. எங்க மாமா, அது சொட்டு மருந்து ஊத்துற வேலை, அதுக்குப் போய் ரெண்டு வருசம் எதுக்குங்கறாரு. கேரளாவுலயே சேக்கறதா, மலை எறங்கி தேனிப் பக்கம் சேக்கறதா? நீங்க அந்த வேலையிலதான் இருக்கீங்கன்னு சொன்னாங்க.

3 ஜூன், ராத்திரி

மாமாகிட்ட மொதல்ல ஒண்ணு சொல்லுங்க. அந்தச் சொட்டு மருந்த வீடு வீடா ஊத்தித்தான் 2014 மார்ச்சுல இந்தியாவுல போலியோ ஒழிஞ்சுதுன்னு உலக சுகாதார நிறுவனம் எழுதிக் குடுத்துச்சு. இயற்கைப் போலியோ வைரஸால வந்த கடைசி கேஸ் 2011 ஜனவரில, மேற்கு வங்கத்துல. நான் பொறந்த லயத்துலயே கால் சூம்பின அண்ணன் ஒருத்தர் இருந்தார், கைய ஊனிக்கிட்டு தவழ்ந்து வாசப்படிக்கு வருவார். மாமா வயசுக்காரங்க அப்படி யாரையாவது பாக்காம இருந்திருக்க மாட்டாங்க.

நான் சேந்தது 1998ல. எங்கம்மா கொழுந்து எடுத்தவங்க. அப்ப பத்தாவது போதும், ஒன்றரை வருசப் படிப்பு. நான் பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம், அங்க கிளாஸ் எடுக்கறது மலையாளத்துல, புஸ்தகம் இங்கிலீஷ்ல, மொத மூணு மாசம் ஹாஸ்டல் பாத்ரூம்ல போய் அழுதுட்டு வருவேன். கேரளாவுல இந்த வேலைக்கு ஜேபிஎச்என்னு பேரு, ஜூனியர் பப்ளிக் ஹெல்த் நர்ஸ். மலை எறங்கி தமிழ்நாடு போனா விஎச்என், கிராம சுகாதார செவிலியர். ஆந்திராவுல ஏஎன்எம்னே கூப்புடுவாங்க. வேலை எல்லாம் ஒண்ணுதான்.

சமவெளின்னா 5000 பேருக்கு ஒரு சப்சென்டர் (துணை சுகாதார நிலையம்), மலைன்னா 3000 பேருக்கு ஒண்ணுன்னு கணக்கு. 3000 கம்மியாத் தெரியும். மலையில 3000 பேர்னா அது நாலு எஸ்டேட் டிவிஷன், நடுவுல ஒரு ஆறு, ஜீப்பு போகாத ரெண்டு ஏத்தம், மழைக் காலத்துல அட்டைப் பூச்சி. நடக்கத் தெரியணும் தங்கச்சிக்கு. அது சிலபஸ்ல இருக்காது.

அப்பறம் மிட்வைஃப்னு பேர்ல இருக்கேன்னு நெனச்சு, போன ஒடனே பிரசவம் பாப்பான்னு எண்ண வேண்டாம். கேரளாவுலயும் சரி தமிழ்நாட்டுலயும் சரி இப்ப கிட்டத்தட்ட எல்லா பிரசவமும் ஆஸ்பத்திரியிலதான். நான் ட்ரெயினிங்ல பாத்ததோட சரி. சர்வீஸ்ல தனியா ஒரு பிரசவம்கூட பாத்ததில்ல.

4 ஜூன், காலைல

நேத்து ஒன்றரை வருசம்னு எழுதிட்டேன், அது எங்க காலத்துக் கணக்கு. இப்ப ரெண்டு வருசம். 18 மாசம் படிப்பு, 6 மாசம் இன்டர்ன்ஷிப். பன்னெண்டாவது பாஸாகி இருக்கணும், வயசு 17ல இருந்து 35க்குள்ள. இந்தியன் நர்சிங் கவுன்சில் விதிப்படி காமர்ஸ் படிச்சவங்களும் சேரலாம், சயின்ஸ் குரூப்தான் வேணும்னு கட்டாயம் இல்ல. ஆனா சேரப்போற ஸ்டேட்டோட புராஸ்பெக்டஸ ஒரு தடவ வரி விடாம படிங்க.

ரெண்டு வருசம் எதுக்குன்னு மாமா கேக்கறது நியாயமான கேள்விதான், அதுக்கு ஒரு பழைய கதை இருக்கு. ஆரம்பத்துல இது ரெண்டு வருசப் படிப்பாத்தான் இருந்துச்சு, பேருக்கு ஏத்தமாதிரி பேறுகாலம்தான் பெருசு. 1973ல கர்தார் சிங் கமிட்டி வந்து, மலேரியாவுக்கு ஒரு ஆளு, அம்மைக்கு ஒரு ஆளு, குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஒரு ஆளுன்னு தனித்தனியா வீட்டுக்குப் போகாம எல்லாத்தையும் பாக்கற பலநோக்கு ஊழியரா மாத்தணும்னு சொல்லுச்சு. 1977ல படிப்ப 18 மாசமாக் கொறச்சாங்க. வேலைய ஏத்திட்டு படிப்பக் கொறச்சாங்க, யோசிச்சுப் பாருங்க. தாய், குழந்தை, தடுப்பூசி, டிபி, குடும்பக் கட்டுப்பாடு, கெணத்துல குளோரின் போடறது வரைக்கும் ஒரே பொம்பளை தலையில. அதனால இப்ப மறுபடி ரெண்டு வருசம் ஆனது எனக்கு சந்தோசம். அந்த ஆறு மாசம் எனக்குக் கெடைச்சிருந்தா சில தப்ப நான் பண்ணியிருக்க மாட்டேன். அத அப்பறமா எழுதறேன்.

4 ஜூன், மத்தியானம்

எங்க சேக்கறதுங்கறதுக்கு பதில் சொல்லாம விட்டுட்டேன்.

எங்க வேலை பாக்கப் போறாளோ அங்க படிக்கறது நல்லது. தேனில படிச்சா தமிழ்நாடு கவுன்சில்ல பதிவு ஆகும். திரும்பி வந்து இடுக்கில வேலைக்குப் போகணும்னா கேரளா கவுன்சில்ல மறுபடி பதியணும், அங்க இருந்து இங்க சரிபாத்து கடிதம் வரணும், அதுக்கு அலைச்சல் இருக்கு, முடியாதுன்னு இல்ல. கேரளாவுல கவர்மென்ட் வேலைன்னா பப்ளிக் சர்வீஸ் கமிஷன் பரீட்சை, அதுக்கு கேரளா ரிஜிஸ்ட்ரேஷன் கேப்பாங்க.

ஆனா எங்க சேந்தாலும் பணம் கட்டறதுக்கு முன்னாடி அந்த ஸ்கூலுக்கு கவுன்சில் அங்கீகாரம் இருக்கான்னு பாக்காம ஒரு ரூபா குடுக்காதீங்க. எங்க சித்தி மகளுக்கு நடந்தது இது. ஒரு எடத்துல ஏஎன்எம்னு சொல்லித்தான் சேத்தாங்க. அவ காதுத் தோட கழட்டி வித்துப் பணம் கட்டினாங்க. ரெண்டு வருசம் கழிச்சு கையில குடுத்த பேப்பர்ல ஹெல்த் அசிஸ்டென்ட்னு இருந்துச்சு. எந்த கவுன்சில்லயும் அத வெச்சு பதிய முடியாது. இப்ப துணிக்கடைல நிக்கறா. அவ கை எவ்வளவு நல்ல கை தெரியுமா, குழந்தைய தூக்குற விதத்துலயே தெரியும். எனக்கு இன்னும் ஆறல.

7 ஜூன், புதன்

இன்னிக்கு ஊசி நாள், 5 மணிக்கே எழுந்தாச்சு, அதனால சுருக்கமா. மாமாவோட "ஊத்துற வேலை"ல என்ன இருக்குன்னு ஒண்ணு மட்டும் காட்டறேன்.

வேக்சின் கேரியர்ல, அதான் தடுப்பூசி கொண்டுபோற பெட்டில, நாலு ஐஸ்பேக் வெப்போம். ஃப்ரீசர்ல இருந்து எடுத்து அப்படியே வெக்கக் கூடாது. வெளிய வெச்சு, மேல வேர்க்க விட்டு, ஒண்ணொண்ணா காதுகிட்ட கொண்டுபோய் ஆட்டிப் பாக்கணும். உள்ள தண்ணி சலசலன்னு கேட்டாத்தான் வெக்கலாம். ஏன்னா பென்டா (அஞ்சு நோய்க்கு ஒரே ஊசி), ஹெபடைடிஸ் பி, டிடி இதெல்லாம் சூட்டுல கெடறது ஒரு பக்கம், ஒறைஞ்சு போனாலும் கெட்டுரும், பாட்டில் பாத்தா நல்லாத்தான் இருக்கும். கெட்டுப்போன மருந்த குத்தினா குழந்தை அழும், அம்மா கார்டுல டிக் வாங்கிட்டு நிம்மதியா போவா, உள்ள பாதுகாப்பு மட்டும் இருக்காது. அந்த சலசலப்புக்கு காது குடுக்காம பஸ்ஸுக்கு லேட்டாகுதுன்னு ஓடினவ என்ன பண்ணினான்னு யாருக்குமே தெரியாது. பிசிஜி (டிபிக்கு), எம்ஆர் (தட்டம்மை, ரூபெல்லாவுக்கு), இந்த ரெண்டு மருந்துப் பொடியையும் அததோட திரவத்துல கலக்கினா நாலு மணி நேரம்தான், அப்பறம் மிச்சம் இருந்தாலும் தூக்கிப் போடணும். லயத்துல பத்தாவது குழந்தை வர்றதுக்குள்ள நாலு மணி நேரம் முடிஞ்சா, அந்த அம்மாவ அடுத்த புதன் வரச் சொல்ற தைரியம் வேணும்.

பென்டா இந்தியாவுலயே மொதல்ல வந்தது நம்ம ரெண்டு ஸ்டேட்டுக்குத்தான், கேரளாவும் தமிழ்நாடும், 2011 டிசம்பர். அதுக்கு முந்தி ஒரே நாள்ல ரெண்டு தொடையிலயும் குத்தணும். அம்மாமாருங்க எங்கள பாத்தா கதவச் சாத்துவாங்க.

10 ஜூன்

ட்ரெயினிங்ல நான் பண்ணின தப்பு. சொல்றேன்னு சொல்லியிருந்தேன்.

கர்ப்பிணி செக்கப் அன்னிக்கு எங்கள வரிசையா நிக்க வெச்சு வயித்தத் தொட்டுப் பாக்க விடுவாங்க. கர்ப்பப்பை தொப்புள் மட்டத்துல இருந்தா 24 வாரம், நெஞ்சுக்குழிக்கு எட்டிட்டா 36 வாரம், விரக்கடை விரக்கடையா எண்ணிக்கிட்டு மேல போவோம். எனக்கு வந்த அக்காவுக்கு 36 வாரம், மூணாவது குழந்தை. நான் தொட்டேன், மேல கெட்டியா உருண்டையா ஒண்ணு, கீழ மெத்துன்னு. எழுதறப்ப கீழ தலைன்னு எழுதிட்டேன். ஏன்னா எனக்கு முன்னாடி பாத்த பத்துப் பேருக்கும் தலை கீழதான் இருந்துச்சு. விரலு ஒண்ணு சொல்லுது, பழக்கம் ஒண்ணு எழுதுது.

சிஸ்டர் சீட்டப் பாத்தாங்க. திட்டல. "குழந்தை நெஞ்சுத்துடிப்ப எங்க வெச்சுக் கேட்ட?"ன்னு மட்டும் கேட்டாங்க. தொப்புளுக்கு மேல சிஸ்டர்னேன். "அப்ப தலை எங்க மோளே?" எனக்கு சட்டுன்னு ஒண்ணும் ஓடல. தலை கீழ இருந்தா துடிப்பு தொப்புளுக்குக் கீழதான் நல்லாக் கேக்கும். மேல கேட்டுதுன்னா குழந்தை உக்காந்து இருக்கு. சிஸ்டர் என் ரெண்டு கையையும் புடிச்சு தேச்சு சூடாக்கினாங்க, மலையில பனிக்காலம், என் கை ஐஸா இருந்திருக்கு, சில்லுன்னு தொட்டா வயிறு இறுகிரும், இறுகின வயித்துல ஒண்ணும் தெரியாது. அப்பறம் அந்த அக்காவ ஒண்ணுக்குப் போயிட்டு வரச் சொன்னாங்க. திரும்பப் படுக்க வெச்சு என் கைமேல அவங்க கைய வெச்சு மெதுவா மேல அந்த உருண்டைய ரெண்டு விரலால தட்டினாங்க. அது தனியா அசைஞ்சுது. தண்ணித் தொட்டியில மெதக்கற தேங்கா மாதிரி, போய் திரும்பி வந்து விரல்ல இடிச்சுது. பின்பக்கம் அப்படி அசையாது, ஒடம்போட சேந்துதான் நகரும்.

அந்த அக்கா கண்ணு மூடாம கூரையவே பாத்துக்கிட்டு இருந்தாங்க. நான் எழுதினது அப்படியே போயிருந்தா அவங்க வலி வந்தப்பறம் லயத்துல இருந்து சாவகாசமாக் கெளம்பியிருப்பாங்க. அன்னிக்கு மாத்தி எழுதி, தேதிக்கு முன்னாடியே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாங்க, ஆபரேஷன்ல பொண்ணு.

25 வருசம் ஆச்சு, இன்னிக்கும் யாரையும் தொடறதுக்கு முன்னாடி கையத் தேச்சுக்கறேன். சொட்டு மருந்து மட்டும் இல்லன்னு மாமாகிட்ட இதச் சொல்லுங்க. பிரசவம் பாக்காட்டியும், யாருக்கு எந்த ஆஸ்பத்திரி, எப்பப் போகணும்னு மொதல்ல தெரியவேண்டியது அந்த லயத்துக்கு வர்ற ஏஎன்எம்முக்குத்தான். டாக்டர் அப்பறம்.

11 ஜூன்

தங்கச்சி ரத்தம் பாத்தா மயங்குவாளேன்னு கேட்டிருக்கீங்க. மயங்கட்டும். என் பேட்ச்ல மூணு பேர் மொத நாள் லேபர் ரூம் வாசல்லயே விழுந்தாங்க, அதுல ஒருத்தி இப்ப சூப்பர்வைசர்.

18 ஜூன்

மொழி பத்தி கேட்டிருக்கீங்க, தமிழ்ப் பொண்ணு கேரளாவுல சமாளிப்பாளான்னு. நான் அத திருப்பிக் கேக்கறேன், அவ இல்லாம நம்ம லயத்துப் பொம்பளைங்க எப்படி சமாளிப்பாங்க?

மலையாளத்துல பனின்னா காய்ச்சல், இது எல்லாருக்கும் தெரியும். பனி உண்டோன்னு கேக்க, ஆமா சார் காலைல நெறையன்னு சொன்ன பாட்டி கதை எல்லா எஸ்டேட்லயும் இருக்கு. அது சிரிச்சுட்டுப் போற கதை. இது அப்படி இல்ல. ட்ரெயினிங் முடிஞ்ச புதுசுல ஒரு ஆஸ்பத்திரில, எட்டு மாசம் முடிஞ்ச பொண்ணு, அசலூர்ல இருந்து கட்டிக்குடுத்து வந்தவ, தமிழ் மட்டும்தான். "ராத்திரில இருந்து தண்ணியாப் போகுது"ன்னா. டூட்டில இருந்தவங்க வயித்துப்போக்குன்னு எடுத்துக்கிட்டு உப்புச்சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டு குடுத்து பெஞ்சுல உக்கார வெச்சுட்டாங்க. நான் வேற வேலையா அந்தப் பக்கம் போனேன். பாவாடை நனைஞ்சிருக்கறத பாத்துட்டு, என்னடி பன்னீர்க்குடம் உடைஞ்சிருச்சான்னு கேட்டேன். அவ தலைய ஆட்டிட்டு அழுதா. அவ வெக்கப்பட்டுக்கிட்டு பாதி வார்த்தைல சொன்னா, கேட்டவங்களுக்கு அந்தப் பாதி போதல. யாரையும் குத்தம் சொல்லல, அவங்களுக்கு அந்த வார்த்தை வீட்டுல இருந்து வரல, எனக்கு எங்கம்மாகிட்ட இருந்து வந்துச்சு.

சூட்டு வலின்னு சொல்லுவாங்க நம்ம பக்கம். வலி வந்தா சீரகத்தண்ணி குடிச்சுப் பாப்பாங்க, நின்னா சூடு, நிக்காட்டி பேறுகால வலி. நான் ஆரம்பத்துல அத மூடநம்பிக்கைன்னு திட்டுவேன். இப்பத் திட்டறது இல்ல. சீரகத்தண்ணி குடிங்க, ஆனா குடிச்சுட்டு கடிகாரம் பாருங்க, வலி நெருங்கி நெருங்கி வந்தா தண்ணிய வெச்சுட்டுக் கெளம்புங்கன்னு சொல்றேன். கேக்கறாங்க.

அதுக்காக தமிழ் போதும்னு நான் சொல்லல. இப்ப எங்க டிவிஷன்ல பாதிப்பேர் ஜார்க்கண்ட், அசாம்ல இருந்து வந்தவங்க. நாலு வருசம் முன்னாடி ஒரு பொண்ணு என்கிட்ட வந்து "பானி, பானி"ன்னா. கூட இருந்த மலையாளி சேச்சி, ஆஷா ஊழியர் (ஊருக்குள்ள இருக்கற சுகாதார ஊழியர்), பனின்னு தெர்மாமீட்டர் எடுத்தாங்க. எனக்கு தாகமோன்னு தோணி தண்ணி பாட்டில நீட்டினேன். அவ பாட்டிலத் தள்ளிட்டு கீழ கைய காட்டினா. அதே பன்னீர்க்குடம். எனக்கு அன்னிக்கு அந்த பெஞ்சுப் பொண்ணுதான் கண்ணு முன்னாடி வந்தா. ஒடனே ஒரு நோட்டு வாங்கி அவங்ககிட்டயே ஹிந்தி வார்த்தையா கேட்டு எழுத ஆரம்பிச்சேன், வலி, ரத்தம், தண்ணி, தலைச்சுத்து, குழந்தை அசையலன்னு எப்படிச் சொல்லுவீங்கன்னு. இப்ப 60 பக்கம் ஆச்சு. தங்கச்சி சேந்த அன்னிக்கே மலையாளத்துக்கு இந்த மாதிரி ஒரு நோட்டு போடட்டும்.

19 ஜூன்

மொத நாள் தனியா ஒரு பிரசவம்கூட பாத்ததில்லன்னு எழுதியிருந்தேன். நேத்து பாட்டில் கதை எழுதினப்பறம் தூக்கம் வரல, அது பொய்யின்னு தோணிக்கிட்டே இருந்துச்சு. ஒண்ணு உண்டு. ரிஜிஸ்டர்ல தாலுக்கா ஆஸ்பத்திரி பேர்ல ஏறினதால நானும் அத என் கணக்குல வெக்காமயே இருந்துட்டேன்.

பீருமேட்டுப் பக்கம் எஸ்டேட்டுங்க மூடிக் கெடந்த காலம், 2000க்கு அப்பறம். சம்பளம் இல்ல, டிஸ்பென்சரி பூட்டு, ஆம்புலன்ஸ்னு ஒண்ணு கெடையாது. பாதி வீட்டுல மரவள்ளிக் கிழங்குதான் ராத்திரிச் சாப்பாடு. ஆடி மழைல ஒரு ஜீப்பப் புடிச்சு ஏத்தினோம், ரெண்டாவது வளைவு தாண்டல, அவ என் தோளக் கடிச்சுட்டா, தலை தெரியுது. டிரைவர் அண்ணன எறங்கி ரோட்டப் பாத்து நிக்கச் சொன்னேன். கைக்கு சோப்பு, மழைத் தண்ணி. பையில பிரசவக் கிட் இருந்துச்சு, புது பிளேடு, நூலு, கையுறை. தலைய இழுக்கல, வேகமா வெளிய வராம கைய மட்டும் அணை குடுத்தேன், ஊது, ஊதுன்னு சொல்லிக்கிட்டே. வந்துச்சு. அழல. மாமியார் போத்தியிருந்த கம்பளில முதுகத் தொடச்சேன், தொடச்சேன், அப்பறம்தான் ஒரு சத்தம், பூனைக்குட்டி மாதிரி. அம்மா நெஞ்சுலயே படுக்க வெச்சு ரெண்டு பேரையும் சேத்து மூடி, பால் குடிக்க வாய் வெக்க வெச்சேன். அது வாய் வெச்சா கர்ப்பப்பை சுருங்கும், ரத்தம் கட்டும். என் கை அவ வயித்து மேலயே, தொப்புளுக்குக் கீழ பந்து மாதிரி கெட்டியா இருக்கான்னு பாத்துக்கிட்டே. கொடிய அறுக்கல, அந்த இருட்டுல குலுங்கற ஜீப்புல அறுக்க எனக்கு மனசு வரல, அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போயிட்டோம். இப்ப நெனச்சாலும் அது சரின்னுதான் படுது.

அந்தப் பையன் போன வருசம் பைக்ல எனக்கு லிஃப்ட் குடுத்தான். அவனுக்குத் தெரியாது. நானும் சொல்லல.

ஆகவே தங்கச்சிகிட்ட சொல்லுங்க, பிரசவம் வராதுன்னு நெனச்சு அந்த பாடத்த மேலோட்டமா படிக்க வேண்டாம். என்னிக்கோ ஒரு நாள், எங்கயோ ஒரு வளைவுல வரும்.

25 ஜூன்

இரும்புச் சத்து மாத்திரை. கர்ப்பிணிங்களுக்கு செவப்பு மாத்திரை, 180 நாளைக்கு தினம் ஒண்ணு. எத்தனையோ வருசம் குடுத்துட்டு ரிஜிஸ்டர்ல டிக் போட்டுட்டு வந்தேன், ரத்த அளவு 8, 9ல இருந்து ஏறவே ஏறாது. சாப்பிடறியான்னு கேட்டா சாப்பிடறேன்கா. ஒரு நாள் ஒரு வீட்டுல மெத்தைய தூக்கினா மூணு மாச மாத்திரை. கத்திட்டேன். அவ தலையக் குனிஞ்சுக்கிட்டா, அடுத்த தடவ நான் வந்தா வீட்டுல இல்ல.

தப்பு என் பேர்லதான். கொமட்டும், மலம் கருப்பாப் போகும், அது சாதாரணம்னு நான் சொல்லியிருக்கணும், அவ ரத்தம் போகுதுன்னு பயந்திருக்கா. சாப்பிட்ட சில பேருக்கும் ஏறல, அதுக்குக் காரணம் தேடினா கையிலயே இருந்துச்சு, கட்டஞ்சாயா. காலைல மாத்திரைய வாயில போட்டு தேத்தண்ணியில முழுங்கிட்டு மலை ஏறுவாங்க. தேயிலை இரும்பு ஒடம்புல சேரவிடாது. நாம பறிக்கற எலையே. கால்சியம் மாத்திரையும் அதோட சேத்துப் போடக்கூடாது. இப்ப ராத்திரி சோத்துக்கு அப்பறம் ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சையோ தொட்டுக்கிட்டு போடச் சொல்றேன். செருப்பில்லாம காட்டுல நிக்கறவங்களுக்கு கொக்கிப்புழு மாத்திரையும் மூணு மாசம் தாண்டினதும் மறக்காம. மெத்தைய தூக்கறத விட்டுட்டேன்.

2 ஜூலை

விண்ணப்பம் போட்டாச்சுன்னு போன் வந்துச்சு, மாமாதான் கூட போனாராம். கெடைக்கட்டும்.

ஜிஎன்எம் (ஜெனரல் நர்சிங், மிட்வைஃபரி டிப்ளமோ) ஆசை இருந்தா அது அப்பறமும் முடியும், ஏஎன்எம் பதிவு பண்ணினவங்க அந்த மூணு வருசப் படிப்புக்கு சேர வழி இருக்கு, இப்பவே அத நெனச்சுக் கொழப்பிக்க வேண்டாம்.

என்ன வாங்கிக் குடுக்கறதுன்னு அம்மா கேட்டாங்க. ரெண்டு ஜோடி காட்டன் செட்டு, நல்ல கொடை, ஷூ ஒரு சைஸ் பெருசு, தடியான சாக்ஸ் போடணும். அட்டைக்கு உப்பு ஒரு துணி மூட்டைல. தையக்காரர் இஞ்சு டேப்பு ஒண்ணு. அப்பறம் கைக்கடிகாரம், போன் இருக்கேன்னு சொல்லுவா, கேக்காதீங்க. ஒரு கை வயித்துல இருக்கும், ஒரு கைல குழலு, காது குழந்தை துடிப்புல, நிமிசத்துக்கு எத்தனைன்னு எண்ணறப்ப போன யார் புடிக்கறது. வெல கம்மியா இருந்தாலும் பரவால்ல, செகண்ட் முள்ளு இருக்கணும்.